உட்கருவுக்குள் டிஎன்ஏ எப்படி வைக்கப்பட்டிருக்கிறது? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

குரோமாட்டின் (டிஎன்ஏவும் அதோடு ஒட்டிய புரதங்களும் சேர்ந்த பொருள்) ஆய்வகத்தில் நாள் முழுக்க செல் உட்கருக்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். கேட்கச் சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், நன்றி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ உட்கருவுக்குள் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் எல்லாரும் படித்திருப்போம். ஆனால் அடைப்பது செல்லுக்குப் பெரிய பாடே இல்லை. அடைத்த பிறகும் வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் எடுத்துப் படிக்க முடியவேண்டும், பாடு முழுக்க அங்கேதான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

கேள்வி: அக்கா, ஒரு செல்லில் 2 மீட்டர் நீள டிஎன்ஏ இருக்கிறதாம். உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். எப்படி உள்ளே கொள்கிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் சேர்த்தால் மனித செல்லில் சுமார் 640 கோடி கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள்). ஒவ்வொன்றும் 0.34 நானோமீட்டர் உயரம், பெருக்கினால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அது சரிதான். ஆனால் தடிமன் வெறும் 2 நானோமீட்டர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நீளத்தையும் தடிமனையும் வைத்துக் கன அளவு பார்த்தால் மொத்த டிஎன்ஏவும் 7 கன மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவின் கன அளவு 520க்கு மேல். அதாவது டிஎன்ஏ அடைத்துக்கொள்ளும் இடம் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை, 6 மைக்ரோமீட்டர் மட்டுமே உள்ள சின்ன உட்கருவில்கூட ஆறு பங்குதான்.

பிறகு ஏன் சுருட்ட வேண்டும்? முதல் காரணம், டிஎன்ஏ ஒன்றையொன்று தள்ளும் பொருள். ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு எதிர்மின்னூட்டங்கள் உண்டு, அவற்றை யாராவது சமன் செய்யாவிட்டால் அது சுருளவே சுருளாது. இரண்டாவது காரணம் சிக்கு. அதற்குத் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, அங்கே சொல்கிறேன்.

கேள்வி: ஹிஸ்டோன் என்றால் புரதம் என்று தெரியும். அதைச் சுற்றித்தான் டிஎன்ஏ இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்ணால் பார்த்தார்களா?

பார்த்தார்கள், வெட்டியும் பார்த்தார்கள். எனக்கு வெட்டிய கதைதான் ரொம்பப் பிடிக்கும்.

ஹிஸ்டோன் புதிய பொருள் இல்லை, ஆல்பிரெக்ட் கோசல் 1884இலேயே வாத்தின் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார் (பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நமக்கு இல்லை). ஆனால் தொண்ணூறு வருடம் அதை ஏதோ பூச்சு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1973இல் ஹியூயிஷ், பர்கோயின் என்ற இருவர் எலி ஈரல் உட்கருக்களில் டிஎன்ஏவை வெட்டும் நொதியை வேலை செய்யவிட்டார்கள். கண்ட இடத்தில் வெட்டியிருந்தால் எல்லா நீளத்திலும் துண்டுகள் கிடைத்து, அவற்றை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே தீற்றலாகத் தெரிந்திருக்க வேண்டும். கிடைத்ததோ படிப்படியான கோடுகள். சுமார் 200 கார இணை, அதற்கு மேல் 400, அப்புறம் 600 என்று. அப்படியானால் 200க்கு ஒருமுறைதான் நொதிக்கு வெட்ட இடம் கிடைக்கிறது, நடுவில் எதுவோ மறைத்துக்கொண்டிருக்கிறது. மறுவருடமே ஓலின்ஸ் தம்பதியர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த மணிமணியான உருவங்களைக் காட்டினார்கள், ரோஜர் கோர்ன்பெர்க் எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்ததுதான் ஒரு மணி என்று கணக்கை முடித்தார். அதுதான் நியூக்ளியோசோம்.

இன்றைக்கும் புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இந்தச் சோதனையைத்தான். நொதியை இரண்டு நிமிடம் விட்டால் ஏணி முழுசாகத் தெரியும், அதிக நேரம் விட்டால் மேல்படிகள் எல்லாம் கரைந்து கீழே 150 பக்கம் ஒரே ஒரு தடித்த கோடு மட்டும் நிற்கும். அந்தக் கோடு ஹிஸ்டோன் தன் உடம்போடு அணைத்துக் காப்பாற்றிய துண்டு. துல்லியமாக 147 கார இணை, ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றே குறைவு. 1997இல் லூகர், ரிச்மண்ட் குழுவின் படிகப் படம் வந்தபோது அணு அணுவாக இதுவே தெரிந்தது. ஒரு செல்லில் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம்கள் இருக்கின்றன.

கேள்வி: மேடம், எங்கள் பாடப்புத்தகத்தில் நியூக்ளியோசோம், அதன் பிறகு 30 நானோமீட்டர் சுருள் இழை, அதன் பிறகு கண்ணிகள், கடைசியில் குரோமோசோம் என்று படம் இருக்கிறது. ஒரு காணொளியில் 30 நானோமீட்டர் இழையே இல்லை என்கிறார்கள். தேர்வில் எதை எழுதுவது?

தேர்வில் புத்தகத்தில் இருப்பதையே எழுதும்மா, மதிப்பெண்ணை விட வேண்டாம். ஆனால் காணொளியில் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

30 நானோமீட்டர் இழை பொய்யில்லை. உட்கருவிலிருந்து குரோமாட்டினை வெளியே எடுத்து, உப்பின் அளவைக் குறிப்பிட்ட மாதிரி வைத்தால் அது அழகாகச் சுருண்டு அந்தத் தடிமனுக்கு வரும், யார் செய்தாலும் வரும். சிக்கல் என்னவென்றால் செல்லுக்குள் போய்த் தேடினால் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2008இல் பிரியும் மனித செல்களை நொடிப்பொழுதில் உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கான இழை தென்படவில்லை. 2017இல் டிஎன்ஏவுக்கு மட்டும் உலோகப் பூச்சு ஏற்றி முப்பரிமாணத்தில் பார்த்தபோது தெரிந்தது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறி மாறி வளைந்து நெளிந்து போகும் சங்கிலி. சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் தளர்வு, அவ்வளவுதான் வித்தியாசம். படிப்படியாக மேலே மேலே சுருட்டும் அந்தப் படம் பார்க்க ஒழுங்காக இருப்பதால் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அதை எடுக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அது டிஎன்ஏ அசையாமல் கிடக்கிறது என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் போட்டுவிடுகிறது. உண்மையில் அது ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: குரோமோசோம் எப்போதும் எக்ஸ் வடிவில்தானே இருக்கும்?

இல்லை. செல் பிரியப்போகும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். நகலெடுத்த இரண்டு பிரதிகளும் நடுவில் ஒட்டியிருப்பதால் எக்ஸ் மாதிரி தெரிகிறது. மற்ற நேரமெல்லாம் விரிந்துதான் கிடக்கும்.

கேள்வி: விரிந்து கிடந்தால் 46ம் ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

கலப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. 1885இல் கார்ல் ராப்ல் இப்படி இருக்கலாம் என்றார், தியோடர் போவெரி பெயரும் வைத்தார், ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த காலத்தில் எங்கும் ஒரே இழைக்குவியலாகத் தெரிந்ததால் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அதை மீட்டவர்கள் ஜெர்மனியின் கிரெமர் சகோதரர்கள். அவர்கள் யோசித்தது இப்படி: உட்கருவில் ஒரே ஒரு புள்ளியில் புறஊதா லேசரைப் பாய்ச்சிச் சேதம் செய்வோம், எல்லாம் கலந்து கிடந்தால் அந்தச் சேதம் எல்லாக் குரோமோசோம்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவேண்டும், தனித்தனியாக இருந்தால் ஒன்றிரண்டில் மட்டும் தெரியவேண்டும். ஒன்றிரண்டில் மட்டும்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு வண்ணம் ஏற்றிப் பார்த்தால் உட்கரு ஒரு வரைபடம் மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். ஓரங்களில் மட்டும் அடுத்ததோடு கொஞ்சம் கலப்பு.

எந்த இடம் யாருக்கு என்பதிலும் ஒரு போக்கு உண்டு. 18ஆம், 19ஆம் குரோமோசோம்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் 19இல் மரபணுக்கள் நெருக்கம், 18இல் குறைவு. வெள்ளணுக்களில் பார்த்தால் 19 உட்கருவின் நடுப்பக்கம், 18 ஓரத்தில்.

கேள்வி: எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால் ஈரல் செல் ஏன் ஈரலாகவே இருக்கிறது, நரம்பாக மாறுவதில்லை?

எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது செல்லுக்குச் செல் வேறு. நெருக்கமாக மூடிக் கிடப்பது ஹெட்டிரோகுரோமாட்டின், தளர்ந்து படிக்க வசதியாக இருப்பது யூகுரோமாட்டின். எமில் ஹைட்ஸ் 1928இல் மாஸ் எனும் பாசித் தாவரங்களின் செல்களில் பார்த்துப் பெயரிட்டது. டாபி என்ற சாயம் போட்டு எலியின் உட்கருவைப் பார்த்திருக்கிறீர்களா? கருநீலத்தில் பத்துப் பதினைந்து பளிச்சென்ற புள்ளிகள் தெரியும், மூடிக் கிடக்கும் பகுதிகள் ஒன்றாகத் திரண்டவை அவை. மனித உட்கருவில் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, விளிம்பை ஒட்டியும் நியூக்ளியோலஸை (உட்கருவுக்குள் இருக்கும் உருண்டையான பகுதி) சுற்றியும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும்.

மூடுவது திறப்பது எல்லாம் ஹிஸ்டோனிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் வழியாக. ஹிஸ்டோனில் நேர்மின்னூட்டமுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, டிஎன்ஏவைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். லைசினில் அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டினால் அந்த மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும். அதே ஹிஸ்டோன் வாலில் குறிப்பிட்ட இடத்தில் மெத்தில் என்ற வேறொரு சிறு தொகுதி மூன்று ஒட்டினால், அதை அடையாளம் கண்டு வந்து உட்காரும் புரதங்கள் சுற்றுவட்டாரத்தையே மூடிவிடும். ஒரு முழுக் குரோமோசோமையே இப்படி மூட முடியும். பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று எல்லாச் செல்லிலும் பெரும்பகுதி மூடிக் கிடக்கிறது. 1949இல் முர்ரே பார் பூனையின் நரம்புச் செல்லில் அதை ஒரு சிறு புள்ளியாகக் கண்டார், 1961இல் மேரி லயன் அது என்னவென்று விளக்கினார். கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக இருக்கும் பெண் பூனைகள் அதன் நேரடி விளைவு: அந்த நிற மரபணு எக்ஸில் இருக்கிறது, எந்த எக்ஸ் மூடியது என்பது தோலில் இடத்துக்கு இடம் வேறு.

கேள்வி: டிஎன்ஏவின் வரிசை சரியாக இருந்து, மடிந்திருக்கும் விதம் மட்டும் தப்பானால் நோய் வருமா?

வரும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், துறையே இப்போது இங்கேதான் நிற்கிறது.

முதலில் கண்ணிகள். கோஹீசின் என்று வளைய வடிவப் புரதம் ஒன்று உண்டு. அது டிஎன்ஏவில் ஓரிடத்தில் உட்கார்ந்து, மோதிரத்துக்குள் நூலை விட்டு இழுப்பது போல டிஎன்ஏவை இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். நொடிக்கு ஆயிரம் கார இணை வரை இழுக்கும், 2019இல் இதை ஒற்றை மூலக்கூறு அளவில் நேரலையாகவே படம் பிடித்துவிட்டார்கள். அது எங்கே நிற்கும்? சிடிசிஎஃப் என்ற இன்னொரு புரதம் டிஎன்ஏவில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அதுவும் சரியான திசை பார்த்து உட்கார்ந்திருந்தால். அதனால் குரோமோசோம் முழுக்க, சில லட்சம் கார இணை நீளமுள்ள தொகுதிகளாகப் பிரிந்துவிடுகிறது. 2012இல் வரைபடமாக்கப்பட்ட இவற்றை டாட் என்கிறோம். ஒரு டாடுக்குள் இருப்பவை தங்களுக்குள் அடிக்கடி தொட்டுக்கொள்ளும், அடுத்த டாடோடு குறைவு.

இது ஏன் முக்கியம் என்றால், மரபணுவை இயக்கும் சுவிட்ச் (அதுவும் ஒரு டிஎன்ஏ துண்டுதான்) மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கை கால் விரல்கள் அமைவதற்குத் தேவையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் சுவிட்ச் சுமார் 10 லட்சம் கார இணை தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது! அந்தச் சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். பாம்புகளில் இந்தச் சுவிட்ச் பழுதாகிவிட்டது. எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மலைப்பாம்பின் சுவிட்சை 2016இல் வைத்துப் பார்த்தார்கள், எலிகள் குட்டையான மொட்டைக் கால்களோடு பிறந்தன.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 2015இல் விரல் குறைபாடுள்ள சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, விரலைக் கெடுத்தது எந்த மரபணுவின் பழுதும் இல்லை, டாட்களுக்கு நடுவிலிருந்த எல்லைதான் அறுந்தோ இடம் மாறியோ போயிருந்தது. எல்லை போனதும் ஈபிஎச்ஏ4 என்ற மரபணுவின் சுவிட்சுகள் பக்கத்து வீட்டு மரபணுக்களை இயக்க ஆரம்பித்துவிட்டன. அதே வெட்டுகளை எலியில் செய்தபோது எலிக்கும் அதே மாதிரி விரல்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லை போனால் எல்லாமே குலைந்துவிடும் என்று முடிவுகட்ட வேண்டாம். 2017இல் செல்லிலிருந்து கோஹீசினை முழுக்க எடுத்துப் பார்த்தபோது கண்ணிகள் எல்லாம் மறைந்தன, பெரும்பாலான மரபணுக்களின் செயலிலோ அடுத்த சில மணி நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. மடிப்பு சில மரபணுக்களுக்கு உயிர், பலவற்றுக்குச் சின்ன உதவி.

கேள்வி: இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தொடுதல்கள். எது எதைத் தொடுகிறது என்று எப்படித் தெரியும்?

ஹை-சி என்ற முறை, 2009இல் வந்தது. செல்லில் ஃபார்மால்டிஹைடு ஊற்றினால் அந்த நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் துண்டுகள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏவை வெட்டி, வெட்டிய நுனிகளைத் திரும்ப இணைத்தால், வரிசையில் தூரத்தில் இருந்தாலும் உட்கருவில் அருகில் இருந்தவை ஒரே துண்டாகிவிடும். கோடிக்கணக்கான அந்தத் துண்டுகளைப் படித்து எண்ணினால் வரைபடம் கிடைக்கும். லட்சக்கணக்கான செல்களின் சராசரி அது என்பதை மட்டும் மறக்கக்கூடாது, எந்த ஒரு செல்லும் அப்படியே அந்தப் படம் மாதிரி இருக்காது.

கேள்வி: அக்கா, காதில் மாட்டும் ஒயரே பையில் போட்டால் சிக்கிக்கொள்கிறது. 2 மீட்டர் எப்படிச் சிக்காமல் இருக்கிறது?

சிக்கும் தம்பி, சிக்கத்தான் செய்கிறது. அவிழ்க்க ஆள் இருக்கிறது. டோப்போஐசோமரேஸ் என்ற நொதிகள், முதலாவதை 1971இல் ஜேம்ஸ் வாங் கண்டுபிடித்தார். இரண்டாம் வகை செய்வது நம்பவே முடியாத வேலை: டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டிஎன்ஏவைக் கடத்திவிட்டு, வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிடும். வெட்டின நிலையிலேயே அந்த நொதியை நிறுத்திவிட்டால் செல் செத்துவிடும். எட்டோபோசைடு, டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

ஹிஸ்டோன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையிருந்தால், உட்கருக்கள் மிதக்கும் குழாயில் கொஞ்சம் டிடர்ஜென்ட் விட்டால் போதும். தண்ணீராக இருந்தது ஒரே கணத்தில் கொழகொழவென்று ஆகி, பிப்பெட் நுனியை உயர்த்தினால் நூலாக இழுத்துக்கொண்டே வரும், திரும்பக் கீழே விடவே முடியாது. புரதங்கள் கழன்றதும் டிஎன்ஏ விரிந்து பின்னிக்கொள்வதுதான் காரணம்.

கேள்வி: உட்கருவின் சுவருக்கும் இதில் பங்கு உண்டா?

நிறைய. உள்சுவரில் லாமின் புரதங்களின் வலை இருக்கிறது, மரபணுத் தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை ஒட்டியே கிடக்கிறது, பெரும்பாலும் மூடிய பகுதிகள். லாமின் ஏ மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது புரொஜீரியா, குழந்தைகள் வேகமாக மூப்படையும் நோய், காரணம் 2003இல் தெரிந்தது. அந்தச் செல்களில் உட்கரு உருண்டையாக இருக்காது, கொப்புளம் கொப்புளமாகப் பிதுங்கியிருக்கும், சுவரை ஒட்டிய அடர்ந்த குரோமாட்டினும் குறைந்துபோயிருக்கும். லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. குணப்படுத்தாது, ஆயுளைக் கொஞ்சம் கூட்டும்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. எலி மாதிரி இரவில் திரியும் பாலூட்டிகளின் கண்ணில், மங்கல் ஒளியை உணரும் குச்சி செல்களில், எல்லாம் தலைகீழ். மூடிய பகுதி நடுவில் உருண்டையாகத் திரண்டிருக்கும், திறந்த பகுதி ஓரத்தில். சுவரோடு கட்டி வைக்கும் புரதங்கள் அந்தச் செல்களில் இல்லாததுதான் காரணம், அதில் ஒன்றைத் திரும்பக் கொடுத்தால் தலைகீழ் நிலை வருவதே இல்லை. 2009இல் இதைக் கண்டவர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள்: அந்த அடர்ந்த நடு ஒளியைக் குவிக்கிறது, குட்டி லென்ஸாக வேலை செய்து ஒளி சிதறுவதைக் குறைக்கிறது. டிஎன்ஏ மடிப்பு கண்பார்வைக்குப் பயன்படுகிறது!

கேள்வி: விந்தணுவின் தலை அவ்வளவு சின்னது, அதில் எப்படி?

அங்கே ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு புரோட்டமின் என்ற குட்டிப் புரதங்கள் வந்துவிடும், இன்னும் நெருக்கமாக அடையும். அந்த நிலையில் எதையும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. கருவுற்றதும் முட்டையில் இருக்கும் ஹிஸ்டோன்கள் திரும்ப ஏறிவிடும்.

கேள்வி: பாக்டீரியாவுக்கு உட்கருவே இல்லையே?

இல்லை, ஆனாலும் டிஎன்ஏ சும்மா மிதப்பதில்லை. ஈ.கோலையின் 46 லட்சம் கார இணைகள் நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர், செல்லோ 2 மைக்ரோமீட்டர். முறுக்கியும், தனக்கென்று உள்ள புரதங்களைக் கொண்டு வளைத்தும் வைத்திருக்கிறது. ஆர்க்கியா என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிர்க்கூட்டத்துக்கு உட்கரு இல்லாமலே ஹிஸ்டோன் உண்டு.

கேள்வி: எபிஜெனெடிக் மாத்திரை என்று விளம்பரம் வருகிறது, டிஎன்ஏவைத் திறந்து நல்ல மரபணுக்களை இயக்குமாம். வாங்கலாமா?

வேண்டாம். உணவும் உடல்நிலையும் ஹிஸ்டோன் வேதியியலைத் தொடுவது உண்மை, குடல் பாக்டீரியா தயாரிக்கும் பியூட்டிரேட் அசிட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதே வகையில் வேலை செய்யும் வோரினோஸ்டாட் தோலில் வரும் ஒருவகை லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு மருந்தாகவே இருக்கிறது, பக்கவிளைவுகளோடு, மருத்துவர் கண்காணிப்பில். ஆனால் இவை எதுவும் நல்ல மரபணு எது என்று பார்த்துத் திறப்பதில்லை. அப்படித் தேர்ந்தெடுத்துத் திறக்கும் மாத்திரை எதுவும் கடையில் இல்லை.

கேள்வி: உடம்பிலுள்ள டிஎன்ஏ மொத்தத்தையும் நீட்டினால் சூரியனுக்கு 250 தடவை போய்வரலாம் என்கிறார்களே?

எல்லாச் செல்லிலும் டிஎன்ஏ இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. நம் செல்களில் பத்தில் எட்டுக்கு மேல் சிவப்பணு, அதில் உட்கருவே இல்லை. உட்கரு உள்ளவை சுமார் 3 லட்சம் கோடி, தலைக்கு 2 மீட்டர் என்றால் 600 கோடி கிலோமீட்டர், 20 தடவை போய்வரலாம்.

கேள்வி: செல் பிரியும்போது இந்த மடிப்பு ஏற்பாடெல்லாம் கலைந்துவிடுமா? அப்படியானால் புதிய செல்லுக்கு எப்படித் தெரியும்?

கலைந்துவிடும். பிரியும் நேரத்தில் காண்டென்சின் என்ற புரதம் வந்து எல்லாக் குரோமோசோம்களையும் ஒரே மாதிரி கண்ணிகளாகச் சுருட்டிவிடும், டாட்களும் திறந்தது மூடியது என்ற பிரிவினையும் ஹை-சி வரைபடத்தில் காணாமல் போகும். பிரிந்த சில மணி நேரத்தில் அவை திரும்ப எழும். ஹிஸ்டோன் வால்களின் குறிகளில் பல அழியாமல் கூடவே போகின்றன, சிடிசிஎஃப் உட்காரவேண்டிய இடங்களும் டிஎன்ஏ வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன, அதனால் கோஹீசின் திரும்ப இழுக்க ஆரம்பித்ததும் அதே எல்லைகளில்தான் நிற்கிறது. ஆனால் எந்தக் குரோமோசோம் எதற்குப் பக்கத்தில் என்பது அப்படியே திரும்புவதில்லை. மகள் செல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஓரளவு ஒத்திருக்கும், தாய்ச் செல்லோடு ஒப்பிட்டால் அக்கம்பக்கம் மாறியிருக்கும்.